பாட்டி வீட்டுக் கூடத்தில் ஸ்பைடர்மேன்: குடும்பத்தைப் பற்றி வேடமும் வீடியோவும் என்ன சொல்கின்றன?

இருட்டான அறை. பெரிய திரையில் ஒரு வீட்டின் கூடம் தெரிகிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 17 பேர், விசேஷ நாளுக்குரிய நல்ல உடையில், படம் எடுத்துக்கொள்ள ஒன்றுசேர்ந்தவர்களைப் போல இருக்கிறார்கள். அவர்கள் நடுவே ஸ்பைடர்மேன் உடை போட்ட ஒருவர் மிக மிக மெதுவாகக் காற்றில் எழும்புகிறார். யாரும் வசனம் பேசுவதில்லை, கதை எதுவும் நகர்வதில்லை. சில நிமிடங்களில் முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

பிரிட்டனில் பிறந்து வளர்ந்த குஜராத்தி வம்சாவளிக் கலைஞர் ஹெதேன் படேல் 2015-இல் செய்த 'தி ஜம்ப்' என்ற படைப்பு இது. இப்படி வேடமும் வீடியோவும் குடும்பமும் சேர்ந்த கண்காட்சிகளைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டில் எடுக்கும் வீடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாறுவேடம் போட்டுக்கொள்வது எப்படிக் கலையாகும்?

இரண்டுமே நியாயமான கேள்விகள். பதிலை அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் சில சொற்கள்

வீடியோ கலை என்பது திரைப்படத்தின் சின்ன வடிவம் அல்ல. திரைப்படத்துக்கு ஒரு தொடக்க நேரம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து முடிவு வரை பார்க்கிறோம். கேலரியில் ஓடும் வீடியோ பெரும்பாலும் லூப்பாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. நீங்கள் எப்போது நுழைகிறீர்களோ அதுவே உங்களுக்குத் தொடக்கம். எத்தனை திரைகள், அவை எதிரெதிரா பக்கத்துப் பக்கமா, ஆள் உயரத்துக்கா கையளவா, ஒலி அறை முழுக்கக் கேட்கிறதா ஹெட்ஃபோனில் மட்டுமா என்பதெல்லாம் படைப்பின் பகுதிகள். இப்படி இடத்தையே சேர்த்து அமைப்பதை நிறுவல் கலை என்கிறோம்.

இந்த ஊடகம் தனிமனித வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. ஃபிலிமில் எடுத்தால் லேபில் கழுவித்தான் பார்க்க முடியும். 1967-இல் சோனி நிறுவனத்தின் போர்ட்டாபேக் என்ற தூக்கிச்செல்லும் வீடியோ கருவி சந்தைக்கு வந்தபோது, ஒரே ஆள் தோளில் மாட்டிக்கொண்டு படம்பிடித்து, எடுத்ததை லேபுக்கு அனுப்பாமலே போட்டுப் பார்க்க முடிந்தது. குழுவும் வேண்டாம், ஸ்டுடியோவும் வேண்டாம். கலைஞர்கள் கேமராவைத் தங்கள் பக்கமே திருப்பினார்கள். அப்புறம் அது தங்கள் வீட்டு மனிதர்கள் பக்கமும் திரும்பியது இயல்புதான்.

அடுத்தது வேடம். நாடகத்திலும் சினிமாவிலும் வேடத்தின் வேலை நடிகரை மறைத்துப் பாத்திரத்தைக் காட்டுவது. வேடம் எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு வெற்றி. நாம் பேசும் கண்காட்சிகளில் கணக்கு வேறு. போட்டவரும் தெரிய வேண்டும், போட்டதும் தெரிய வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

என் வாதம் இதுதான். உடையைக் கழற்றிவிடலாம். நடை, குரல், உட்காரும் விதம், கையை ஆட்டிப் பேசும் பழக்கம் இவற்றைக் கழற்ற முடியாது. குடும்பம் நமக்குள் அதிகமாகத் தங்கியிருப்பது இந்த இரண்டாவது வகையில்தான். கழற்றக்கூடியதையும் கழற்ற முடியாததையும் ஒரே உடலில் வைத்துக் காட்டத்தான் இந்தக் கலைஞர்களுக்கு வேடம் தேவைப்படுகிறது. அசைவையும் குரலையும் பிடிக்க வீடியோ தேவைப்படுகிறது.

குடும்ப ஆல்பம் என்ற மூலப்பொருள்

இவ்வகைப் படைப்புகளில் பெரும்பாலானவை ஆல்பத்திலிருந்து கிளம்புகின்றன. ஆல்பத்துக்கு எழுதப்படாத சட்டங்கள் உண்டு. நல்ல உடை போட்டிருக்க வேண்டும், சிரிக்க வேண்டும், பெரியவர்கள் நடுவில், குழந்தைகள் முன்னால். சண்டை போட்ட நாளில் யாரும் படம் எடுப்பதில்லை. படம் எடுத்தவர் படத்தில் இருப்பதில்லை. ஆக, ஆல்பம் என்பது ஒரு குடும்பம் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல விரும்பும் கதை.

அயர்லாந்தில் பிறந்த புகைப்படக் கலைஞர் ட்ரிஷ் மோரிஸி இந்தச் சட்டங்களை நேராகவே சோதித்தார். 2001 முதல் 2004 வரை செய்த 'செவன் இயர்ஸ்' தொடரில் அவரும் அவருடைய அக்காவும் பழைய பாணி உடைகளைப் போட்டுக்கொண்டு, குடும்பப் படங்களின் தோரணைகளை மறுபடி நடித்தார்கள். தலைப்பு அக்காவுக்கும் தங்கைக்கும் இடையிலுள்ள வயது இடைவெளியைக் குறிக்கிறது. அந்தப் படங்களில் ஏதோ ஒன்று இடறுகிறது: தோள்கள் லேசாக விறைத்திருக்கின்றன, புன்னகை சற்றே தாமதமாக வந்ததுபோல் இருக்கிறது. எல்லார் வீட்டு ஆல்பத்திலும் இருந்தும் நாம் கவனிக்காமல் விட்டவை அவை.

அடுத்து வந்த 'ஃப்ரண்ட்' (2005–2007) இன்னும் துணிச்சலானது. கடற்கரையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் போய், அவர்களில் ஒரு பெண்ணின் இடத்தைத் தனக்குத் தரும்படி கேட்பார். பெரும்பாலும் அது தாயின் இடம். அந்தப் பெண்ணின் உடையில் சிலவற்றை வாங்கி அணிந்துகொண்டு, அவருடைய குழந்தைகள் பக்கத்தில் உட்கார்வார். இடத்தை விட்டுக்கொடுத்த பெண்தான் கேமராவின் பொத்தானை அழுத்துவார். படத்தைப் பார்க்கிறவருக்கு முதலில் எதுவும் தெரியாது. சாதாரணக் குடும்பப் படம். நாலைந்து படங்களில் அதே முகம் வெவ்வேறு குடும்பங்களின் தாயாகத் திரும்பி வரும்போதுதான் உறைக்கிறது. 'அம்மா' என்று நாம் படத்தில் உடனே அடையாளம் காண்பது முகத்தை வைத்து அல்ல, நிற்கும் இடத்தையும் உடையையும் வைத்துத்தான்.

இந்தியாவில் கலைஞர் விவான் சுந்தரத்தின் 'ரீடேக் ஆஃப் அம்ரிதா' (2001–2002) இதே கேள்வியை மூன்று தலைமுறைகளின் ஊடாகக் கேட்கிறது. அவருடைய தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் தன்னையும் தன் குடும்பத்தையும் பல பத்தாண்டுகள் இடைவிடாமல் படமெடுத்தவர். உம்ராவ் சிங்கின் மூத்த மகள்தான் ஓவியர் அம்ரிதா ஷேர்கில், விவானுக்குப் பெரியம்மா. தாய் ஹங்கேரியர், தந்தை பஞ்சாபி சீக்கியர் என்ற வீட்டில் எந்த உடையில் கேமரா முன் நிற்பது என்பதே ஒரு முடிவு. ஐரோப்பிய கவுனில் இருந்த அம்ரிதா, 1934 இறுதியில் இந்தியா திரும்பிய பிறகு சேலைக்கு மாறினார். விவான் தாத்தாவின் படங்களைக் கணினியில் அடுக்கி, வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த அம்ரிதாக்களை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தார். சேலை அம்ரிதாவும் கவுன் அம்ரிதாவும் ஒரே அறையில். எது அசல் என்று தேர்ந்தெடுக்க அந்தப் படங்கள் நம்மை விடுவதில்லை. அப்படித் தேர்ந்தெடுக்கத் தேவையும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முகமூடியின் விளிம்பு ஏன் தெரிகிறது?

ஆல்பத்தின் பேச்சு வந்தால் ஜில்லியன் வேரிங்கைத் தாண்டிப் போக முடியாது. 1997-இல் டர்னர் பரிசு என்ற முக்கியமான கலை விருதைப் பெற்ற இந்தப் பிரிட்டிஷ் கலைஞர், 2003 தொடங்கி 'ஆல்பம்' என்ற தொடரைச் செய்தார். தாய், தந்தை, சகோதரர், சகோதரி எனக் குடும்பத்தினரின் பழைய படங்களை எடுத்துக்கொண்டு, அந்த முகங்களைச் சிலிக்கான் முகமூடிகளாகச் செய்வித்து, விக்கும் உடையும் சேர்த்து, தானே அவர்களாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். தன்னுடைய 17 வயது முகத்தையும் மூன்று வயது முகத்தையும்கூட அப்படியே அணிந்தார்.

முகமூடிகள் அவ்வளவு நுட்பமானவை. இருந்தும் கண்களைச் சுற்றியுள்ள வெட்டு விளிம்பை அவர் மறைக்கவில்லை. தந்தையின் முகத்துக்குள்ளிருந்து மகளின் கண்கள் பார்க்கின்றன என்பது அந்த மெல்லிய கோட்டில்தான் தெரிகிறது. கோட்டை மறைத்திருந்தால் வெறும் மேக்கப் சாமர்த்தியமாக நின்றுபோயிருக்கும். இவர்களால் ஆனவள் நான், ஆனாலும் இவர்கள் நான் இல்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல அந்த விளிம்பு வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பே, 1997-இல், அவர் குரலையே உடையாக்கியிருந்தார். '2 இன்டு 1' என்ற வீடியோவில் ஒரு தாயும் அவருடைய இரட்டை மகன்களும் வருகிறார்கள். இரு தரப்பும் மற்றவரைப் பற்றித் தனித்தனியே மனம்விட்டுப் பேசியது முதலில் பதிவானது. பிறகு மகன்கள் சொன்னதற்குத் தாய் வாயசைத்தார்; தாய் சொன்னதற்கு மகன்கள் வாயசைத்தார்கள். எந்த விசேஷ உடையும் கிடையாது. ஆனால் தன்னைப் பற்றி மகன் சொன்ன கடுமையான மதிப்பீட்டைத் தன் வாயாலேயே 'பேசும்' தாயின் முகத்தைப் பார்க்கும்போது, வேடம் என்ற சொல்லின் எல்லை எங்கேயோ போய்விடுகிறது. புகைப்படத்தால் செய்யவே முடியாத காரியம் இது. உதடும் ஒலியும் ஒட்டியும் ஒட்டாமலும் நகரும் அந்தச் சில நொடிகளுக்கு வீடியோதான் வேண்டும். இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

தந்தையைப் போல அசைவது

படேலிடம் திரும்புவோம். 'தி ஜம்ப்'பைப் புரிந்துகொள்ள அவருடைய 2009-ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்று உதவும். 'டு டான்ஸ் லைக் யுவர் டேட்' இரண்டு காட்சிகளைப் பக்கத்துப் பக்கமாக வைக்கிறது. ஒன்றில் அவருடைய தந்தை, தான் நடத்தும் வாகனக் கூண்டு கட்டும் தொழிற்கூடத்தைச் சுற்றிக்காட்டுகிறார். மற்றதில் தொழிற்கூடமே இல்லை, மகன் மட்டும். தந்தை சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், திரும்பிய ஒவ்வொரு திருப்பத்தையும், நீட்டிய கையையும் அப்படியே செய்கிறார். சுற்றுப்புறத்தை நீக்கிவிட்டதால், அன்றாடப் பேச்சு நடன அமைப்பாகத் தெரிகிறது. மகன் எங்கே சிரமப்பட்டுப் பின்பற்றுகிறார், எங்கே ஏற்கெனவே தந்தையைப் போலவே இருக்கிறார் என்று நம் கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

சரி, இப்போது ஸ்பைடர்மேன். ஏன் அந்த உடை, ஏன் அந்தக் கூடம்?

1. அந்த உடை கடையில் வாங்கியதல்ல, படேல் தன் கையால் செய்தது. அமெரிக்கப் பெருநிறுவனத்தின் கதாபாத்திரம், தையலும் உழைப்பும் தெரியும் வீட்டுப் பொருளாக மாறுகிறது.

2. சிறுவயதில் அவர் அப்படி ஆக விரும்பிய நாயகன் அது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பையனுக்கு வெளி உலகம் காட்டிய நாயகர்களில் அவன் வீட்டாரைப் போல யாரும் இல்லை. முகமூடி போட்ட நாயகனுக்கு ஒரு வசதி உண்டு: உள்ளே யார் இருந்தாலும் நிறம் தெரியாது.

3. கூடம் அவருடைய பாட்டியினுடையது. ஒரு குடும்பம் புதிய நாட்டில் கால் ஊன்றிய வீட்டில், உறவினர்கள் தங்கள் சிறந்த உடையில் நிற்கிறார்கள். அவர்களுடைய உடையும் வேடம்தான் என்பதை நாயகனின் உடை நமக்கு நினைவுபடுத்துகிறது. இரண்டுமே 'நான் இப்படித் தெரிய வேண்டும்' என்பதற்காகப் போட்டுக்கொண்டவை.

4. படைப்புக்கு இரண்டு திரைகள். ஒன்றில் வீட்டுக் கூடம். மற்றதில் அதே தாவல், சினிமாப் பாணிப் புகையும் இருட்டும் சூழ. ஒரே உடல், ஒரே அசைவு. பின்னணி மாறியதும் ஒன்று குழந்தை விளையாட்டாகவும் மற்றது வீரச் செயலாகவும் தெரிகிறது.

5. ஸ்லோ மோஷன். ஒரு நொடித் தாவலை நிமிடக் கணக்கில் இழுப்பதால் நம் கண் நாயகனை விட்டு உறவினர்களின் முகங்களுக்குப் போகிறது. யார் சிரிப்பை அடக்குகிறார், யார் பெருமையாகப் பார்க்கிறார் என்று தேடுகிறோம். பார்க்கப் பார்க்க அது ஒரு குடும்ப ஓவியம் என்பது தெரிகிறது.

ஐந்தாவதுதான் இந்தப் படைப்பின் உயிர் என்பேன். வேடம் நம்மை உள்ளே இழுக்கிறது. நேரம்தான் குடும்பத்தைக் காட்டுகிறது.

இதே வழியில் வேறு திசைகளில் போனவர்களும் உண்டு. இந்தியக் கலைஞர் புஷ்பமாலா என். தன் 2004-ஆம் ஆண்டு வீடியோ ஒன்றில், குடும்பத்துச் சமையல் குறிப்பேடுகளில் இருந்த எழுத்துகளைக் கொண்டு, சுதந்திரத்துக்குப் பிந்தைய 'லட்சியக் குடும்பம்' ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் கட்டினார். தாய் வேடம் அவருடையதே. இன்னொரு இந்தியக் கலைஞரான நிகில் சோப்ரா, நிலக்காட்சி ஓவியராக இருந்த தன் தாத்தாவின் சாயலில் 'யோக் ராஜ் சித்ரகார்' என்ற பாத்திரத்தை உருவாக்கி, பார்வையாளர் முன்னாலேயே குளித்து, சவரம் செய்து, உடை மாற்றி, சுவரில் பெரிதாக வரைந்து, அங்கேயே தூங்கவும் செய்தார். அங்கே உடை மாற்றுவதே நிகழ்ச்சி. திரைக்குப் பின்னால் நடப்பது என்று எதுவும் இல்லை.

விரும்பிப் போடாத உடை

இதுவரை சொன்னவை எல்லாம் கலைஞர் தேர்ந்தெடுத்த வேடங்கள். குடும்பத்தின் மீது சுமத்தப்பட்ட உடையும் உண்டு. அதை விட்டுவிட்டு அடையாளம் பற்றிப் பேசினால் பேச்சு மேம்போக்காகிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் மேரி சிபாண்டே 1982-இல் பிறந்தவர். அவருடைய தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி மூவரும் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். அந்த வேலைக்கென்று ஒரு சீருடை: நீல அங்கி, வெள்ளை ஏப்ரன், தலைத்துணி. சிபாண்டே தன் உடலையே அச்செடுத்து 'சோஃபி' என்ற ஆளுயர உருவத்தைச் செய்து, அதே நீலத் துணியில் விக்டோரியா காலத்து மகாராணிக் கவுன் ஒன்றை, அறையை அடைக்கும் அளவுக்குப் பெருக்கித் தைத்து அணிவித்தார். ஏப்ரன் அப்படியே இருக்கிறது. சோஃபியின் கண்கள் மூடியிருக்கின்றன. அவள் காணும் கனவுக்குள் நாம் நிற்கிறோம். 2010-ஐ ஒட்டி சோஃபியின் படங்கள் ஜோகன்னஸ்பர்க் நகரக் கட்டடங்களில் பிரம்மாண்டமான பேனர்களாகத் தொங்கின. வீட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் நடமாட வேண்டியிருந்த சீருடை, ஊரே அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குப் போனது.

அதே நாட்டின் ஸனேலே மூஹோலி, வீட்டுப் பணியாளராக வாழ்நாளைக் கழித்த தன் தாயின் நினைவாகச் செய்த தன்னுருவப் படங்களில் துணி மாட்டும் கிளிப்புகளைக் கிரீடமாகவும் காதணியாகவும் அணிந்தார். சிபாண்டேயின் சோஃபி சிற்பம், மூஹோலியுடையவை புகைப்படங்கள். இரண்டும் வீடியோ அல்ல. ஆனாலும் வேடம் பற்றிய எந்தக் கண்காட்சியையும் பார்க்கும்போது இவர்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. உடையை விளையாட்டாக மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் எல்லார் வீட்டுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

கேலரியில் எப்படிப் பார்ப்பது?

1. ஒரு முழு லூப் நில்லுங்கள். நடுவில் நுழைந்து நடுவில் வெளியேறினால் உடை மட்டும் நினைவில் நிற்கும், உறவு நிற்காது.

2. முகமூடி, விக், தையல் இவற்றின் விளிம்பைத் தேடுங்கள். விளிம்பு தெரிந்தால் அது குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. வேடம் போட்டவரைப் பார்த்து முடித்ததும், போடாதவரைப் பாருங்கள்.

4. சுவரில் ஒட்டியுள்ள விளக்கக் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் அது சொன்னதை மட்டுமே கண் தேடும்.

இன்னொன்று. சில கண்காட்சிகளில் வீடியோவில் வந்த உடையைப் பக்கத்திலேயே பொம்மைக்கு மாட்டி வைக்கிறார்கள். கண்காட்சியை அமைக்கும் கியூரேட்டர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. துணி வெளிச்சத்தில் நிறம் மங்கும் என்பதால் அருங்காட்சியகங்கள் அதற்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைந்த ஒளியையே அனுமதிக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் ஆளில்லாமல் தொங்கும் உடை, தானாகவே நினைவுச்சின்னம்போல் ஆகிவிடுகிறது. திரையில் அதே உடை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது இது படைப்பைப் பலவீனப்படுத்துகிறது என்பது என் கருத்து. உடலோடு சேர்ந்திருக்கும்வரைதான் அந்த உடைக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.

சம்மதம் யாருடையது?

கடைசியாக, இந்தக் கலையின் மிகக் கடினமான பகுதி. கலைஞர் தன் வாழ்க்கையைக் காட்டலாம். ஆனால் தாய், தந்தை, பிள்ளை ஆகியோர் வாழ்க்கையும் அதே சட்டகத்துக்குள் இருக்கிறது. படைப்பு விற்கப்படுகிறது, வீடியோ என்றால் சில பிரதிகள் மட்டும் என்று எண்ணி விற்பார்கள், வாங்கிய அருங்காட்சியகம் பல ஆண்டுகளுக்குக் காட்டும். குழந்தையாக இருந்தபோது நடித்தவர் வளர்ந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இதைப் படைப்புக்குள்ளேயே கொண்டுவந்தவர் மோனா ஹத்தூம். பெய்ரூட்டில் வாழ்ந்த பாலஸ்தீனக் குடும்பம் அவருடையது. 1975-இல் லண்டன் போயிருந்தபோது லெபனானில் உள்நாட்டுப் போர் வெடிக்க, ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினார். 1988-இல் அவர் செய்த 'மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்' 15 நிமிட வீடியோ. தாய் குளித்துக்கொண்டிருக்கும் படங்கள், அவற்றின் மேல் திரைச்சீலைபோலத் தாய் அரபியில் எழுதிய கடித வரிகள். அந்தக் கடிதங்களை மகள் ஆங்கிலத்தில் வாசிக்கும் குரல். இங்கே வேடமே இல்லை. உடலை மூடியிருக்கும் ஒரே ஆடை அந்தக் கையெழுத்துதான்.

அந்தப் படங்கள் எடுக்கப்பட்டதில் தந்தைக்கு வந்த கோபம் கடிதங்களில் பேசப்படுகிறது. படங்களைப் பயன்படுத்திக்கொள் என்று தாய் மகளுக்குத் தரும் சம்மதமும் அங்கேயே வருகிறது. ஹத்தூம் இவற்றை வெட்டி நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. அதனால் பார்வையாளர் ஒரு தாயைப் பார்ப்பதோடு, அவரைப் பார்க்க யார் அனுமதித்தார், யார் மறுத்தார் என்பதையும் சேர்த்தே கேட்கிறார். வேடமும் வீடியோவும் கொண்டு குடும்பத்தைத் தொடும் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கொண்டுபோகலாம். திரையில் இருப்பவர்களில் யாருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தது, அது படைப்பில் எங்காவது தெரிகிறதா?